கேலக்சி எஸ்6, ஐபோன் 6எஸ்: இரு முதன்மைத் திறன்பேசிகளின் ஒப்பீட்டு வரலாறு

கேலக்சி எஸ்6, ஐபோன் 6எஸ் ஆகியவை 2015-ஆம் ஆண்டில் முறையே சாம்சங், ஆப்பிள் நிறுவனங்கள் வெளியிட்ட திறன்பேசிகள். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் தன்னிடமுள்ள சிறந்த தொழில்நுட்பங்களை ஒன்றுசேர்த்து உயர்ந்த விலையில் விற்கும் கைபேசி, பிளாக்‌ஷிப் அல்லது முதன்மைத் திறன்பேசி எனப்படுகிறது. இவை இரண்டும் அவ்வகையைச் சேர்ந்தவை. புதிய வரவுகளால் விலை இறங்கியபின் இவை பயன்படுத்திய கைபேசிகளின் சந்தைக்கு வந்தன. புதிய இடைநிலைக் கைபேசிக்கு ஆகும் பணத்தில் பழைய முதன்மைத் திறன்பேசி ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி அங்கே எழுந்தது.

2015-இல் அச்சிடப்பட்ட விவரக்குறிப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் எஸ்6 பெரும்பாலான வரிகளில் முந்தி நிற்கிறது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. விவரக்குறிப்பில் இடம்பெறாத இரண்டு செய்திகள் இதற்குக் காரணம். ஒன்று, மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வந்தது என்பது. மற்றொன்று, தேய்ந்த பேட்டரியை எவ்வளவு எளிதாக மாற்ற முடிந்தது என்பது.

பின்னணி

2014-ஆம் ஆண்டு இரு நிறுவனங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் சோதனையாக அமைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் விற்பனைக்கு வந்த கேலக்சி எஸ்5 சாம்சங் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அதன் பின்புறம் புள்ளிகள் குழிந்த பிளாஸ்டிக்கால் ஆனது. கொடுக்கும் விலைக்கேற்ற தோற்றம் இல்லை என்று பலர் குறைகூறினர். அதே நேரத்தில் கீழ்விலைச் சந்தையில் சியோமி போன்ற சீன நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. பெரிய திரை வேண்டுவோர் சாம்சங்கையே நாடவேண்டியிருந்த நிலையும் 2014 செப்டம்பரில் மாறியது. 4.7 அங்குலத் திரை கொண்ட ஐபோன் 6, 5.5 அங்குலத் திரை கொண்ட 6 பிளஸ் ஆகியவற்றை ஆப்பிள் அந்த மாதத்தில் வெளியிட்டது.

ஆப்பிளுக்கு அந்த வெற்றி முழுமையாக அமையவில்லை. காற்சட்டைப் பையில் வைத்திருந்த 6 பிளஸ் கைபேசிகள் வளைந்துபோவதாகப் புகார்கள் எழுந்தன. 'பெண்ட்கேட்' என்ற பெயரில் அச்செய்தி உலகெங்கும் பரவியது. மெல்லிய அலுமினிய உடலின் உறுதி பற்றிய ஐயம் அடுத்த ஆண்டுக் கைபேசியின் வடிவமைப்பைப் பாதித்தது.

ஆகவே 2015-இல் சாம்சங் தோற்றத்தைச் சரிசெய்யவேண்டியிருந்தது; ஆப்பிள் உறுதியைச் சரிசெய்யவேண்டியிருந்தது. இரண்டு கைபேசிகளின் பண்புகளும் இந்தத் தேவைகளிலிருந்தே பிறந்தன.

கேலக்சி எஸ்6

சாம்சங் இக்கைபேசியை 'புராஜெக்ட் ஜீரோ' என்ற உட்பெயரில் உருவாக்கியது. பழையதை விட்டுத் தொடக்கத்திலிருந்து வடிவமைப்பது என்பது அப்பெயரின் பொருள். 2015 மார்ச் 1 அன்று பார்சிலோனாவில் எஸ்6, அதன் வளைந்த திரை வடிவமான எஸ்6 எட்ஜ் இரண்டும் அறிமுகப்படுத்தப்பட்டன. ஏப்ரல் 10 அன்று பல நாடுகளில் விற்பனை தொடங்கியது. இந்தியாவில் 32 ஜிபி எஸ்6-இன் தொடக்க விலை 49,900 ரூபாய்.

பிளாஸ்டிக் போய், முன்னும் பின்னும் கண்ணாடியும் இடையில் உலோகச் சட்டமும் வந்தன. 5.1 அங்குல அமோலெட் திரை 2560 x 1440 படப்புள்ளிகள் கொண்டது. ஓர் அங்குலத்துக்கு 577 படப்புள்ளிகள் என்பது அன்றைய நிலையில் மிக உயர்ந்த அடர்த்தி. 16 மெகாபிக்சல் கேமராவில் எஃப்/1.9 துளையும் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஒளியியல் நிலைப்படுத்தலும் இருந்தன. முகப்புப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கேமரா உடனே திறந்தது. கம்பியில்லா மின்னேற்றம், விரைவு மின்னேற்றம், இதயத்துடிப்பு உணரி, தொலைக்காட்சியை இயக்கும் அகச்சிவப்பு அலைபரப்பி ஆகியவையும் உள்ளடங்கியிருந்தன.

இந்த அழகுக்குச் சில வசதிகள் விலையாகக் கொடுக்கப்பட்டன. எஸ்5-இல் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை நகத்தாலேயே எடுத்து மாற்றலாம். நினைவக அட்டை செருகலாம். நீரும் தூசியும் புகாத பாதுகாப்பும் இருந்தது. எஸ்6-இல் இம்மூன்றும் நீக்கப்பட்டன. பேட்டரியின் கொள்ளளவும் 2800 மில்லியாம்பியர் மணியிலிருந்து 2550 ஆகக் குறைந்தது. சாம்சங் பயனர்கள் ஐபோனுக்கு எதிராக அதுவரை பெருமையாகச் சொல்லிவந்தவை பெரும்பாலும் இந்த வசதிகளே. 2016-இல் வந்த எஸ்7-இல் நினைவக அட்டையும் நீர்ப்பாதுகாப்பும் திரும்ப வந்தன. கழற்றக்கூடிய பேட்டரி மட்டும் அதன் முதன்மை வரிசைக்குத் திரும்பவில்லை.

ஐபோன் 6எஸ்

ஐபோன் 6எஸ் 2015 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. 6எஸ், 6எஸ் பிளஸ் இரண்டும் சேர்ந்து முதல் வார இறுதியில் 1.3 கோடிக்கு மேல் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. இந்தியாவில் அக்டோபர் 16 அன்று வெளியானபோது 16 ஜிபி கைபேசியின் விலை 62,000 ரூபாய்.

வெளித்தோற்றத்தில் இது முந்தைய ஐபோன் 6-ஐ ஒத்திருந்தது. ஆனால் உடல் 7000 வரிசை அலுமினியத்துக்கு மாறியது. வளைதல் பற்றிய குற்றச்சாட்டுக்கு அதுவே விடையாக அமைந்தது. திரையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியும் '3டி டச்', முன்னதைவிட வேகமான கைரேகை உணரி, 12 மெகாபிக்சல் கேமரா, 4கே காணொளிப் பதிவு ஆகியவை புதியவை. வேலை நினைவகம் 1 ஜிபியிலிருந்து 2 ஜிபியாக உயர்ந்தது. அன்று சிறிய மாற்றமாகத் தெரிந்த இதுவே கைபேசியின் ஆயுளைப் பின்னாளில் நீட்டித்த காரணங்களுள் ஒன்று. 1 ஜிபி கொண்ட ஐபோன் 6, 2018-இல் வந்த ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட, 6எஸ் மேலும் மூன்று பதிப்புகளைப் பெற்றது.

குறைகளும் வெளிப்படையானவை. 1334 x 750 படப்புள்ளிகள் கொண்ட திரை எஸ்6-உடன் ஒப்பிடக்கூடியதன்று. பேட்டரி 1715 மில்லியாம்பியர் மணி மட்டுமே. கம்பியில்லா மின்னேற்றம் இல்லை. கேமராவில் ஒளியியல் நிலைப்படுத்தல் 6எஸ் பிளஸுக்கு மட்டும் அளிக்கப்பட்டது. 62,000 ரூபாய்க் கைபேசியில் 16 ஜிபி சேமிப்பகம் என்பது அன்றே கேலிக்குள்ளானது. 2016 செப்டம்பரில் ஆப்பிள் இதன் தொடக்க அளவை 32 ஜிபியாக மாற்றியது.

விவரக்குறிப்பு ஒப்பீடு

| விவரம் | கேலக்சி எஸ்6 | ஐபோன் 6எஸ் |
|---|---|---|
| விற்பனைத் தொடக்கம் | 2015 ஏப்ரல் | 2015 செப்டம்பர் |
| திரை | 5.1 அங்குலம், அமோலெட், 2560 x 1440 | 4.7 அங்குலம், எல்சிடி, 1334 x 750 |
| சில்லு | எக்சினோஸ் 7420, எட்டுக் கருக்கள் | ஏ9, இரண்டு கருக்கள் |
| வேலை நினைவகம் | 3 ஜிபி | 2 ஜிபி |
| சேமிப்பகம் | 32, 64, 128 ஜிபி | 16, 64, 128 ஜிபி. பின்னர் 32 ஜிபி |
| பின்புறக் கேமரா | 16 மெகாபிக்சல், எஃப்/1.9 | 12 மெகாபிக்சல், எஃப்/2.2 |
| பேட்டரி | 2550 மில்லியாம்பியர் மணி | 1715 மில்லியாம்பியர் மணி |
| எடை | 138 கிராம் | 143 கிராம் |
| தொடக்க இயங்குதளம் | ஆண்ட்ராய்டு 5.0 | ஐஓஎஸ் 9 |
| இறுதி இயங்குதளம் | ஆண்ட்ராய்டு 7.0 | ஐஓஎஸ் 15 |

2015-இல் கடைக்குச் சென்ற ஒருவர் இந்தப் பட்டியலின் முதல் ஒன்பது வரிகளை மட்டுமே அறிந்திருக்க முடியும். பத்தாவது வரி அப்போது எழுதப்படவே இல்லை. எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும் என்பதை இரு நிறுவனங்களும் பெட்டியில் அச்சிடவில்லை.

ஒரே ஆலையிலிருந்து இரு சில்லுகள்

இந்தப் போட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்6-இன் எக்சினோஸ் 7420 சில்லு, சாம்சங்கின் 14 நானோமீட்டர் உற்பத்தி முறையில் தயாரானது. அவ்வாண்டு பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இருந்த ஸ்னாப்டிராகன் 810 சில்லு அதிகம் சூடாவதாகப் பேச்சு எழுந்ததால், சாம்சங் எஸ்6 முழுவதிலும் தன் சொந்தச் சில்லையே பயன்படுத்தியது. ஐபோன் 6எஸ்-இன் ஏ9 சில்லை வடிவமைத்தது ஆப்பிள். ஆனால் அதன் ஒரு பகுதியை அதே 14 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஆப்பிளுக்காகத் தயாரித்துக் கொடுத்ததும் சாம்சங்தான். மறுபகுதியைத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 16 நானோமீட்டர் முறையில் தயாரித்தது.

இரு ஆலைகளின் ஏ9 சில்லுகளுக்கிடையே பேட்டரிச் செலவில் வேறுபாடு இருப்பதாக 2015 அக்டோபரில் சர்ச்சை கிளம்பியது. வாங்குவோர் தமக்குக் கிடைத்தது எந்த ஆலையின் சில்லு என்று தேடத் தொடங்கினர். நடைமுறைப் பயன்பாட்டில் வேறுபாடு 2 முதல் 3 விழுக்காடு மட்டுமே என்று ஆப்பிள் விளக்கமளித்தது.

இரு சில்லுகளின் வடிவமைப்பு அணுகுமுறையும் வேறு. எக்சினோஸ், கடினமான வேலைக்கு நான்கு, எளிய வேலைக்கு நான்கு என எட்டுக் கருக்களைக் கொண்டது. ஏ9-இல் கருக்கள் இரண்டே. ஆனால் ஒவ்வொன்றும் தனித்த வலிமை மிக்கது. ஒற்றைக் கருச் சோதனைகளில் ஏ9 தெளிவாக முன்னின்றது. இணையப்பக்கம் திறத்தல், செயலி தொடங்குதல் போன்ற அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஒரு கருவின் வேகத்தையே சார்ந்தவை. அதனால் கருக்களின் எண்ணிக்கையை வைத்துக் கைபேசியை மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இவ்விணை நல்ல எடுத்துக்காட்டு.

பேட்டரி விவகாரம்

லித்தியம் அயனிப் பேட்டரி மின்னேற்றச் சுழற்சிகளால் தேய்வது இயல்பு. 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகு மூலக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் வகையில் அக்கால ஐபோன் பேட்டரிகள் வடிவமைக்கப்பட்டன. தேய்மானத்தின்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உட்தடையும் கூடுகிறது. சில்லு திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது தேய்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிடும். அப்போது கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகும்.

ஐபோன் 6எஸ் கைபேசிகள் பலவற்றில் இதுவே நடந்தது. பேட்டரி 30, 40 விழுக்காடு காட்டும்போதே அவை அணைந்தன. 2016 நவம்பரில், 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரான சில 6எஸ் கைபேசிகளுக்கு இலவசப் பேட்டரி மாற்றுத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 புதுப்பிப்புக்குப்பின் திடீர் அணைதல் பெருமளவு குறைந்தது. குறைந்ததற்கான வழி மட்டும் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

2017 டிசம்பரில் கீக்பெஞ்ச் வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், 6எஸ் கைபேசிகளின் சோதனை முடிவுகளை ஐஓஎஸ் பதிப்பு வாரியாக வரைபடமாக்கி வெளியிட்டார். ஐஓஎஸ் 10.2.1-க்குப்பின் ஒரே வகைக் கைபேசிகள் பல வேறு வேகங்களில் இயங்குவது அதில் தெரிந்தது. தேய்ந்த பேட்டரி உள்ள கைபேசிகளின் வேகத்தை மென்பொருள் மட்டுப்படுத்துகிறது என்பதை ஆப்பிள் சில நாட்களில் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கோரி, உத்தரவாதக் காலம் முடிந்த கைபேசிகளுக்கான பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018 முழுவதற்கும் குறைத்தது. பேட்டரியின் நிலையைப் பயனரே பார்க்கும் வசதி 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-இல் சேர்க்கப்பட்டது.

சட்ட நடவடிக்கைகளும் தொடர்ந்தன. 2020 பிப்ரவரியில் பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு, பயனர்களுக்கு அறிவிக்கத் தவறியதற்காக ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கை 50 கோடி டாலர் வரை கொடுத்து முடித்துக்கொள்ள அந்நிறுவனம் 2020 மார்ச்சில் இசைந்தது.

பழைய கைபேசி வாங்குவோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மெதுவாக இயங்கும் 6எஸ் பலவற்றில் சில்லு பழுதாகியிருக்கவில்லை, பேட்டரிதான் தேய்ந்திருந்தது. நல்ல பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பியது. விற்பவர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட கைபேசி, சிறு செலவில் பழைய நிலைக்கு மீளக்கூடியதாக இருந்தது.

பழுதுபார்ப்பு

பேட்டரியை மாற்றுவது எளிதா என்பதில் இவ்விரண்டும் வெகுவாக வேறுபட்டன. கைபேசிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்சிட் நிறுவனம், பழுதுபார்க்கும் எளிமைக்கு 10-இல் 7 புள்ளிகளை 6எஸ்-க்கும், 4 புள்ளிகளை எஸ்6-க்கும் வழங்கியது. 6எஸ்-இல் அடிப்புறத் திருகுகள் இரண்டைக் கழற்றித் திரையைத் தூக்கினால் பேட்டரி தெரியும். இழுத்தால் வந்துவிடும் ஒட்டுப்பட்டைகளால் அது பொருத்தப்பட்டிருந்தது. எஸ்6-இல் வலுவாக ஒட்டப்பட்ட பின்கண்ணாடியை முதலில் சூடேற்றி எடுக்கவேண்டும். பேட்டரி அதற்கும் உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடி உடைவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு படியிலும் உண்டு. உடையாமல் திரையை மட்டும் பிரித்தெடுப்பதும் அரிது.

அமோலெட் திரைக்கு உரிய மற்றொரு குறையும் எஸ்6-க்குப் பொருந்தும். ஒரே படம் நீண்டகாலம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால் அதன் நிழல் திரையில் நிலைத்துவிடும். பழைய கைபேசியை வெண்திரையில் வைத்துப் பார்த்தால் விசைப்பலகையின் அல்லது மேற்பட்டையின் நிழல் தெரியக்கூடும்.

மென்பொருள் ஆயுள்

2015 ஜூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற பாதுகாப்பு ஓட்டை ஆண்ட்ராய்டில் இருப்பதை சிம்பீரியம் நிறுவனம் வெளிப்படுத்தியது. படச்செய்தி ஒன்றை அனுப்பினாலே கைபேசிக்குள் ஊடுருவ அது வழிவகுத்தது. இதையடுத்து ஆகஸ்டில் கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடப்போவதாக அறிவித்தன. எஸ்6 அந்த ஏற்பாட்டின் தொடக்ககாலப் பயனாளிகளுள் ஒன்று. அது 2016-இல் ஆண்ட்ராய்டு 6.0-ஐயும் 2017-இல் 7.0-ஐயும் பெற்றது. அத்துடன் பதிப்பு உயர்வுகள் நின்றன. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018-இல் முடிவுக்கு வந்தன.

இதற்குக் காரணம் சாம்சங்கின் விருப்பமின்மை மட்டுமன்று. கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டை முதலில் சில்லுக்குரிய இயக்கிகளுடன் பொருத்தவேண்டும். பிறகு கைபேசி நிறுவனத்தின் மேல்தோற்றத்துடன் இணைக்கவேண்டும். பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஒப்புதலையும் பெறவேண்டும். ஒவ்வொரு வகைக் கைபேசிக்கும் இவ்வேலையைத் திரும்பச் செய்யவேண்டியிருந்தது. இந்தச் சுமையைக் குறைக்க 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-உடன் 'புராஜெக்ட் டிரெபிள்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 7.0-இல் நின்றுவிட்ட எஸ்6-க்கு அதன் பயன் கிட்டவில்லை.

ஆப்பிளிடம் சில்லு, கைபேசி, இயங்குதளம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. வகைகளும் மிகக் குறைவு. 2016 ஆகஸ்டில் பெகாசஸ் உளவு மென்பொருள் பயன்படுத்திய ஓட்டைகள் வெளிப்பட்டபோது, ஐஓஎஸ் 9.3.5 மூலம் ஆதரவிலுள்ள ஐபோன்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் திருத்தம் சென்றது. 6எஸ், ஐஓஎஸ் 9 முதல் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 வரை ஏழு பதிப்புகளில் இயங்கியது. 2022-இல் ஐஓஎஸ் 16 அதைக் கைவிட்டது. அதன்பிறகும் முக்கியமான ஓட்டைகளுக்கு ஐஓஎஸ் 15.8 வரிசையில் திருத்தங்கள் தொடர்ந்தன. படக்கோப்புகளைக் கையாளும் பகுதியிலிருந்த ஓட்டையை அடைக்க 15.8.5 வெளியானது 2025 செப்டம்பரில். கைபேசி விற்பனைக்கு வந்து பத்து ஆண்டுகள் நிறைவடைந்த மாதம் அது.

புதுப்பிப்பு நின்றபின் என்ன ஆகும் என்பதற்கு எஸ்6-இன் வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. பாதுகாப்பான இணையத்தளங்கள் தம்மை அடையாளம் காட்டச் சான்றிதழ்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றை இலவசமாக வழங்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பின் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் கைபேசிகளில் இடம்பெற்றது. எஸ்6 நின்றது 7.0-இல். பழைய கைபேசிகளுக்காகச் செய்யப்பட்டிருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டம்பருடன் முடிந்தது. கைபேசியின் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை நம்பியிருக்கும் செயலிகளில் ஏராளமான தளங்கள் 'பாதுகாப்பற்றவை' என்று மறுக்கப்பட்டன. தனக்கெனப் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் இதிலிருந்து தப்பின. குரோம் உலாவியோ 2023 டிசம்பரில் வெளியான 120-ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு 8.0-ஐக் கேட்கத் தொடங்கியது. எஸ்6-இன் திரையும் சில்லும் கேமராவும் அப்போதும் வேலைசெய்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த இணையம்தான் நகர்ந்துபோயிருந்தது.

ஆண்ட்ராய்டுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. செயலிகளை உருவாக்குவோர் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளை நீண்டகாலம் ஆதரிப்பது வழக்கம். 2025-இல் வாட்சாப் கேட்டது ஆண்ட்ராய்டு 5.0, ஐபோன்களிலோ ஐஓஎஸ் 15.1. ஆகவே அவ்வாண்டிலும் வாட்சாப் இரண்டிலும் இயங்கியது. ஆயினும் செயலி இயங்குவதும் அதன் அடியிலுள்ள இயங்குதளம் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. தன்னார்வலர்கள் உருவாக்கும் மாற்று இயங்குதளங்களை நிறுவி எஸ்6-இன் ஆயுளை நீட்டிக்க முயன்றவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் 'நாக்ஸ்' பாதுகாப்பு நிரந்தரமாக முறிந்து, சாம்சங் பே போன்ற சேவைகள் செயலிழந்தன.

இந்தியச் சந்தையில்

இந்தியாவில் இவ்வொப்பீடு கூடுதல் பொருள் பெற்றது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ சேவை 4ஜி வலையமைப்பு மட்டுமே கொண்டது. வோல்ட்டி வசதி இல்லாத ஐபோன் 5எஸ் போன்ற கைபேசிகளில் அதன்வழி நேரடியாக அழைப்பு பேச முடியவில்லை. எஸ்6, 6எஸ் இரண்டிலும் அவ்வசதி இருந்ததால் அவை பழைய சந்தையில் மதிப்பிழக்கவில்லை. விஸ்ட்ரான் நிறுவனம் 2018-இல் 6எஸ் வரிசையைப் பெங்களூரில் பொருத்தத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஆப்பிள் இவ்வரிசையின் விற்பனையை நிறுத்திய பின்னரும் இந்தியக் கடைகளில் அது கிடைத்தது.

2016 முதல் யுபிஐ பரவியதும் மற்றொரு மாற்றம். அதுவரை பேசவும் படம் எடுக்கவும் பயன்பட்ட கைபேசி, வங்கிக் கணக்கின் திறவுகோலாக ஆயிற்று. பாதுகாப்புத் திருத்தம் நின்ற கைபேசியில் பணப் பரிமாற்றம் செய்வதால் வரும் இழப்பு, கைபேசியின் விலையைவிடப் பலமடங்கு ஆகக்கூடும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் குடும்பத்துக்கு இது கணக்கில் சேர்க்கவேண்டிய செலவு.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்க்கவேண்டியிருந்தவை சில. இரண்டிலும் நினைவக அட்டைக்கு இடமில்லை என்பதால் 16 ஜிபி 6எஸ் விரைவில் நிரம்பிவிடும். பேட்டரி மாற்றப்பட்டதா என்பதை அறிவது விலையைவிட முக்கியம். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு கைபேசியைப் பயனற்றதாக்கிவிடும். ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு கைபேசி தடைசெய்யப்பட்டதா என்பதை அறியும் வசதி 2023 மே மாதம் தொடங்கப்பட்ட அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் கிடைக்கிறது.

விளைவுகள்

ஆதரவுக் காலம் பற்றிய கேள்வி படிப்படியாக நிறுவனங்களையும் அரசுகளையும் எட்டியது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், புதுப்பிப்புகள் பழைய கைபேசிகளைப் பாதித்ததற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் தொடர்பான வழக்கு நோட் 4 பற்றியது. ஆப்பிள் தொடர்பானது ஐபோன் 6 பற்றியது.

எஸ்6-க்கு இரண்டு பதிப்பு உயர்வுகள் அளித்த சாம்சங், 2020-இல் மூன்று, 2022-இல் நான்கு என உறுதிமொழியை உயர்த்தியது. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டுகள் என அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24-க்குச் சாம்சங்கும் அதே ஏழு ஆண்டுகளை அறிவித்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சட்டம், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்லவேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு வகைக் கைபேசியின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பும் ஏழு ஆண்டுகள் உதிரிப்பாகங்களும் கிடைக்கவேண்டும். பழுதுபார்க்கும் எளிமைக்கான தரக்குறியும் அங்கே கைபேசியின் விவரச்சீட்டில் இடம்பெறுகிறது.

மதிப்பீடு

கேலக்சி எஸ்6 வெளியான ஆண்டில் திரையிலும் கேமராவிலும் வசதிகளிலும் சிறந்து விளங்கிய கைபேசி. புதிதாக வாங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியவர் ஏமாறவில்லை. 2018-க்குப்பின் பழையதாக வாங்கியவருக்கு, அழகிய திரையும் புதுப்பிப்பு நின்ற இயங்குதளமும் சேர்ந்தே கிடைத்தன. இசை கேட்கவும் படம் பார்க்கவும் வீட்டில் வைத்துக்கொள்ளும் இரண்டாம் கைபேசியாக அது பொருந்தியது.

ஐபோன் 6எஸ் கூடுதல் விலைக்குக் குறைந்த விவரக்குறிப்பைத் தந்தது. அதன் பேட்டரி விவகாரத்தில் ஆப்பிள் நடந்துகொண்ட முறை கண்டனத்துக்கும் அபராதத்துக்கும் உள்ளானது. இருந்தும், பேட்டரியை மாற்றிக்கொண்டால் வெளியாகி ஏழு ஆண்டுகள் வரை முழு ஆதரவுடன் அன்றாடக் கைபேசியாக அது பயன்பட்டது. 2018-இலோ 2019-இலோ இவ்விரண்டுக்கிடையே தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தவருக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட 6எஸ் ஏற்றதாக இருந்தது. 2022-க்குப்பின் இரண்டில் எதையும் முதன்மைக் கைபேசியாக, குறிப்பாகப் பணப் பரிமாற்றத்துக்காக, வாங்குவது ஏற்றதன்று.

பழைய முதன்மைத் திறன்பேசியை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அதில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளை. 2015-இல் அந்த எண்ணை அறிய வழியில்லை. இன்று பல நிறுவனங்கள் அதை அறிவிக்கின்றன. வெளியான ஆண்டுடன் ஆதரவுக் காலத்தைக் கூட்டி, வாங்கும் ஆண்டைக் கழித்தால் கிடைக்கும் எண், மெகாபிக்சலையும் கருக்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்னர் பார்க்கவேண்டியது.